சிவப்பு மையில் அடித்த குறி

இஸ்திரிப்பெட்டியின் வயர் சுவரில் செருகப்படாமல் தரையில் கிடந்தது. அப்பா அந்தக் குளிர்ந்த பெட்டியை வைத்து ஒரு சட்டையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் சலவைக்கடை நடத்திய மனிதர். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எவ்வளவு நேரமாப்பா தேய்க்கறீங்க?"

"சூடு ஏறிட்டு இருக்கும்மா."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கிழமைவாரியாக அவள் பிரித்து வைத்த மாத்திரைகள் டப்பாவில் அப்படியே இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா கொட்டும் மழையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு துணி மூட்டையோடு நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "இது எந்த வீட்டுதுங்க?" என்று கேட்டிருக்கிறார். இனி இவரைத் தனியாக விட முடியாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள். தூரத்தில் இருக்கும் அண்ணன், "நீ எது பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்று போனிலேயே பெரிய மனது பண்ணிவிட்டான். நாளைக் காலை பத்து மணிக்கு முதியோர் இல்லத்து வண்டி வரும்.

துணிகளுக்கெல்லாம் ஒரே அடையாளம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சலவைக்கடைக்காரர் மகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? உள்ளறைக்குப் போய்க் குறி நோட்டையும் அழியாத மையையும் எடுத்தாள். துணி மாறிப் போகாமலிருக்கக் காலரில் போடுவது, வீட்டுக்கு ஒரு குறி. ஒரு வீடு ஊரைவிட்டுப் போனால் அந்த வரியை அடித்துவிட்டுக் குறியை வேறு வீட்டுக்குக் கொடுப்பார்கள். கடை மூடி ஆறு வருடம் ஆகியும் அடுத்தவர் குறியைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அடித்த வரிகளில் இன்னும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தது ஒன்றுதான்: ஒரு வட்டம், கீழே மூன்று கோடு. அந்த வரி மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. பதினொரு சட்டை, ஆறு பேன்ட், நான்கு துண்டு, ஒரு கனத்த போர்வை, எல்லாவற்றிலும் அதையே போட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பல வருடமாகத் துணி காயப்போடாத பின்கட்டிலிருந்து கஞ்சியும் ஈரமும் கலந்த பழைய வாடை வந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

திரும்பியபோது அப்பா ஒரு சட்டையை எடுத்து, கை பழகிய பழக்கத்தில், காலரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது. பல மாதமாக அவள் பார்க்காத தெளிவு அதில் இருந்தது.

"யாரு போட்டது இதை?"

"நான்தான்பா. காலியாத்தானே இருந்துச்சு."

"நீல மையில அடிச்சாத்தான் காலி. சிவப்புன்னா யாருக்கும் குடுக்கக் கூடாது. உனக்குச் சொல்லலையா நான்?" அந்தக் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அந்த வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல செத்துப் போயிட்டாங்க. துணி இங்கயே தங்கிடுச்சு. அதுக்கப்புறமும் வாங்கிட்டுப் போக வந்தாங்க."

"யாருப்பா?"

"அவங்கதான். எண்ணி எண்ணி எடுத்தாங்க. குறி இருந்தா அவங்களுது. உங்கம்மா தெரியாம, குளிருதுன்னு அந்த வீட்டுப் போர்வையைப் போத்திட்டுப் படுத்திருந்தா."

அம்மா தூக்கத்தில் போனாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதற்குள் அப்பா கத்திரிக்கோலை எடுத்துக் காலரைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார். அவள் பாய்ந்து பிடுங்கினாள். இதுவும் மறதி நோயின் அறிகுறிதான், நடக்காததெல்லாம் நடந்ததாகத் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவமாக இருந்தது. தன்மீதே வெறுப்பாகவும் இருந்தது.

அரைமணி நேரத்தில் அந்தத் தெளிவு வந்த வழியே போய்விட்டது.

"நீங்க யாரும்மா? எந்த வீடு?" என்றார் பணிவாக.

அவர் கைகால் குளிரில் வெடவெடத்தன. கட்டிலில் படுக்க வைத்தாள். வீட்டில் இருந்த கனத்த போர்வை, குறி போட்ட அது ஒன்றுதான். கழுத்துவரை இழுத்து, தோளைச் சுற்றிச் செருகிவிட்டாள். குழந்தை மாதிரி சிரித்தார். மடித்த துணிகளைக் கட்டில் ஓரம் அடுக்கிவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, அவருக்குச் சுடுதண்ணீர் வைக்க அடுக்களைக்குப் போனாள். மணி ஆறுகூட ஆகவில்லை.

தண்ணீர் கொதிக்கிற சத்தத்தினூடே வேறொரு சத்தம். ஈரத்துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல. பின்கட்டிலிருந்து. கூடத்தைத் தாண்டி. நின்றது.

"அப்பா?"

யாரோ முணுமுணுப்பது கேட்டது. அப்பா குரல் இல்லை. கடைக்கு வருகிற வீட்டுக்காரர்கள் துணி வாங்கும்போது இப்படித்தான், ஒவ்வொன்றாக விரல் வைத்து, அவசரமில்லாமல் எண்ணுவார்கள்.

"...பத்தொம்பது. இருபது."

அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்தாள்.

"இருபத்தொண்ணு."

அறை வாசல். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் அருகே யாரும் இல்லை. தரையெல்லாம் ஈரம். சட்டையும் பேன்ட்டும் துண்டும் ஒரே அளவில் அடுக்கப்பட்டிருந்தன. அவள் அடுக்கியதைவிட நேர்த்தியாக.

போர்வை மட்டும் அசைந்தது. நடுவில் மடிந்தது. அப்பா அதற்குள்தான் இருந்தார். இன்னொரு முறை மடிந்தது. எலும்பு முறிகிற சத்தம்கூட இல்லை. கஞ்சி போட்ட துணியின் மொரமொரப்பு மட்டும். அவள் ஓடிப்போய் ஓரத்தைப் பற்றி இழுத்தாள். பிடிமானமே இல்லாமல் தட்டையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டது. மூன்றாவது மடிப்பு. நான்காவது. ஒரு தலையணை அளவு. ஒரு சட்டை அளவு. கண்ணுக்குத் தெரியாத அது, போர்வையை எடுத்து அடுக்கின் மேல் வைத்து, சுருக்கம் போக நீவியது. பிறகு, ஓரத்தில் நீட்டிக்கொண்டு இன்னும் அசைந்துகொண்டிருந்த அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக, கசங்காமல், உள்ளே மடித்து வைத்தது.