குளித்தவர்களைப் பிடிக்கும் வலை

"பீச்சும்மா!" என்றார் காவல்துறை ஆராய்ச்சிக்கூட இயக்குநர் தில்லைநாயகம். கூட்டத்தின் மேல் வலை பீச்சும் பொத்தானுக்கு மேலே மெய்யம்மையின் விரல் அழுத்தாமல் நின்றது.

கண்ணாடிக்கு வெளியே, சட்டப்பேரவை வாசலை நோக்கி முந்நூறு பேர் வெறுங்குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்காரர்கள். குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. அத்தனை பேரும் தலைமுதல் கால்வரை சாம்பல் நிறம்.

"சார், மூக்குல வாயில வலை ஒட்டிக்கிச்சுன்னா மூச்சு நின்னுடும்."

"நம்ம ஆபீஸ்ல நாப்பது பேர் மேல பீச்சிப் பாத்தோமே, எவனாச்சும் செத்தானா?" என்றவர், அவள் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தியே விட்டார்.

வலைபீச்சிகள் சீறின. வண்டின் முதுகு மெழுகோடு கலந்து சிலந்தியின் பசை இறுகும் அல்லவா? அதைப் பார்த்துச் செய்த பசை இது. மனிதத் தோலின் எண்ணெயோடு கலந்து இறுகும். முன்வரிசைப் பெண் ஒருத்தியின் முகம் முழுக்க வெள்ளை இழை. அவள் மார்பு ஏறி இறங்கவில்லை.

அந்தப் பெண் ஓங்கித் தும்மினாள். வலை கழன்று விழுந்தது, அவள் முகத்துச் சிமெண்ட் தூளோடு. செதிலை உதிர்த்துவிட்டுத் தப்பும் அந்துப்பூச்சிகளைப் போல, தூளை வலைக்குக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"புடிங்கடா!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் இயக்குநர்.

எண்ணெய் மின்னும் தலைகளோடு காவலர்கள் பாய்ந்தார்கள். மிச்ச இழைகளில் பாய்ந்த வாக்கிலேயே ஒட்டிக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க இறங்கிய அமைச்சர், அத்தர் மணக்க, ஒரு ஏட்டையாவின் முதுகில் ஒட்டியிருந்தார்.

"எப்படிம்மா இது?"

"நாம சோதிச்ச நாப்பது பேரும் குளிச்சிட்டு வந்தவங்க சார். அழுக்கா யாரும் உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான போர்டு வெச்சீங்க?"

தில்லைநாயகம் லேசில் அசருகிற ஆளா? மாலைக்குள் அரசாணை வந்துவிட்டது: போராட வருவோர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டே வர வேண்டும். அதற்குத் தோதாகக் குடியிருப்புக்கு இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர்.

மறுநாள் கண்காணிப்புத் திரையில் குழாய்கள் கொட்டின. அண்டா, குண்டான், டிரம் எல்லாம் நிரம்பி வழிந்தன. உலைகள் கொதித்தன. பிள்ளைகள் வயிறு முட்டக் குடித்தார்கள்.

"எத்தனை பேர் குளிச்சிருக்காங்க?" இயக்குநர் ஆவலாகக் கேட்டார்.

"ஒருத்தர்கூட இல்ல சார்," என்றாள் மெய்யம்மை. "அடுத்து ஆஸ்பத்திரி கேட்டு வர்றாங்களாம்."