தாமதம் என்ற கட்டம்

"கதவைத் திறங்க. ஆள் வர்றது கண்ணுக்குத் தெரியலையா?"

கொட்டும் மழையில் மின்சாரப் பஸ்ஸின் கதவைத் தட்டினாள் அவள். வீட்டின் முதல் பட்டதாரி. இரண்டு ஊர் பஸ்களையும் இணைக்கும் திட்டத்துக்காகப் பஸ் நேரம் கணக்கெடுக்கும் வேலை. எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கைத்தடியோடு வந்துகொண்டிருந்தாள். இந்தப் பஸ் போனால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். அம்மா வேலை செய்யும் தையல் கடையில் இன்னொரு முறை லேட்டானால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

கதவு திறந்தது. டிரைவர் கடிகாரத்தைக் காட்டினான்.

"எட்டரை ஆச்சுங்க. கிளம்பணும்."

"என் வாட்ச்ல எட்டுதான்."

"அது எல்லைக்கு அந்தப் பக்கம், உங்க ஊர் எட்டு. இங்க கடிகாரம் அரை மணி முன்னாடி, எட்டரை."

"நடுவுல எங்கம்மா கால் மாட்டிக்கிட்டிருக்கு. அது எந்த ஊர் நேரப்படி நடக்கணும்?"

அவன் ஏதோ பொத்தானை அழுத்தினான். பஸ் ஒரு பக்கமாகத் தாழ்ந்து படியைத் தரையோடு தரையாக வைத்தது. பத்து நிமிஷம் கழித்து அம்மா ஏறினாள், ராணி மாதிரி. கண்ணாடியில் அவன் கண்கள் சிரித்தன... மழை கழுவி வைத்த மாதிரி அப்படியொரு சுத்தமான சிரிப்பு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்து நாள் அம்மாவோடு போனாள். ஐந்து நாளும் அவன் காத்திருந்தான். தன் பேனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவளுடைய திமிர். படிவத்தில் இருந்தபடியே எழுதினாள்: 'எட்டரை வண்டி. தாமதம்: தினமும் பத்து நிமிடம்.' ஏன் என்று எழுத அதில் கட்டமே இல்லை.

அடுத்த வாரம் வேறொரு டிரைவர் எட்டரைக்கு டாணென்று கிளம்பிப் போனான். அம்மா நடைபாதையில் நின்றாள். மகள் எழுதிய படிவத்தைப் படித்த டிப்போ, பழையவனைப் பஸ் கழுவ அனுப்பிவிட்டதாம்.

"உன்னைப் படிக்க வெச்சது ஒருத்தர் பொழப்புல கை வைக்கவாடி?" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் பேசாமல், புகை கக்கும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிப் போனாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

அதற்கு ஐந்தாம் நாள், இரண்டு ஊர் அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில் அவள் எழுந்தாள். தப்பை ஒப்புக்கொள்வது பல் பிடுங்குவது மாதிரி இருந்தது அவளுக்கு. தன் படிவத்தில் 'தாமதம்' என்ற சொல்லை எல்லோர் முன்னாலும் அடித்து, 'காத்திருப்பு' என்று எழுதினாள். வண்டி லேட் இல்லை, உங்கள் கால அட்டவணைதான் அவசரம். கைத்தடியோடு ஒரு தடவை சாவடியைத் தாண்டிப் பாருங்கள் என்று படபடவென்று பொரிந்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் அவள் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பதினொரு நாளில் அட்டவணை மாறியது: எட்டே முக்கால். பழையவனையும் டிப்போ மறுபடி வண்டியில் ஏற்றியது.

அன்று காலை மறுபடி மழை. கண்ணாடியில் மறுபடி அதே கண்கள். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து வைத்ததை விட்டுவிட்டு, படிவத்தைப் பிரித்துக்கொண்டாள்.

"காத்திருப்புன்னு மாத்தி எழுதினீங்களாமே," என்றான். "எத்தனைன்னு போட்டீங்க?"

"பத்து நிமிஷம்."

"அது அம்மாவுக்கு. உங்களுக்காக, பஸ் கழுவிக்கிட்டே... பதினாறு நாள். அதுக்கும் ஒரு கட்டம் போடுங்களேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரொம்பக் கவனமாகப் பார்த்தாள்.

இவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. காது மட்டும் சுட்டது.

"பதினாறுன்னு நானும்தான் எண்ணியிருக்கேன்," என்றாள், படிவத்தைப் பார்த்தபடியே. "வண்டியை எடுங்க. நேரமாச்சு."

"எந்த ஊர் நேரப்படி?"

"நம்ம நேரப்படி..."