இரண்டு ரூபாய்த் தண்ணீர்

தூத்துக்குடியில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டுக் குழாய்களும் ஒரே குரலில் அன்றைய தண்ணீர் விலையைச் சொல்லும். லிட்டர் நானூறு என்றால் குடிக்க மட்டும் பிடிப்பார்கள். முந்நூறாக இறங்கினால் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிடுவார்கள். குளிப்பதற்கு ஒலிப்பெட்டி இருந்தது. உள்ளே நின்றால் போதும், அதிர்வு அழுக்கை உதிர்த்துவிடும். விலையை வைத்தது விலைமதி என்ற இயந்திரம். அணையின் மட்டத்தையும் மழையையும் மட்டுமல்ல, மக்களின் பயத்தையும் அது அளந்தது; பயம் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும்.

ஜெசிந்தா கடலடி ஆய்வகத்தில் பொறியாளர். பக்கத்து வீட்டு முத்துக்கனிக்கு உப்பளத்தில் வேலை. தன் பங்குத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வறண்ட நாக்கோடு வெயிலில் நின்றவள், சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வாரம்தான் ஜெசிந்தாவின் துளைகருவி கடலடிப் பாறைக்குக் கீழே ஒரு நன்னீர்த் தேக்கத்தைத் தொட்டது. சிக்கனமாக எடுத்தால் அறுபது ஆண்டுகளுக்கு வரும்.

ஆய்வகத் தலைவர் காசிராஜன் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் கலப்போம், விலை கால்வாசி குறைந்தால் போதும் என்பது அவர் கட்சி. உயிருக்குப் போராடுகிறவளுக்குக் கால்வாசி எந்த மூலைக்கு என்று ஜெசிந்தா மல்லுக்கு நின்றாள்.

"எம்மா, தண்ணி நெறைய இருக்குன்னு ஊருக்குச் சொன்ன அன்னைக்கே அது தீர ஆரம்பிச்சிரும்" என்றார் அவர்.

ஜெசிந்தா ஊரறியச் சொல்லிவிட்டாள். மறுநாள் குழாய்கள் ஒன்பது ரூபாய் என்றன. சனங்கள் நம்பாமல் இன்னொரு முறை திறந்து கேட்டார்கள். முத்துக்கனி பிழைத்து வீடு திரும்பி, ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒரு மாதம் ஜெசிந்தா நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு புல்தரைகள் வந்தன, நீச்சல் குளங்கள் வந்தன. வெளிநாட்டுக்குத் தண்ணீர் கப்பல் கப்பலாகப் போனது. யாருக்கும் பயமில்லை என்று கண்ட விலைமதி, விலையை இரண்டு ரூபாயாக்கியது. உறிஞ்சிய வேகத்தில் பாறை வெடித்து, பதினான்காம் மாதம் கடல் உள்ளே புகுந்தது. தேக்கம் முழுவதும் உப்பாகிவிட்டது, இனி அதை மீட்க வழியில்லை. காசிராஜன் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாளை காலை முதல் லிட்டர் தொள்ளாயிரம் என்று மாலைச் செய்தியில் அறிவித்தார்கள். ஊர்த் தொட்டியில் மிச்சமிருப்பது பத்து நாளைக்கு வரும். இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைக்கச் சொல்லலாம் என்று ஜெசிந்தா வீட்டுக்கு ஓடினாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்துவிட்டுச் சுவரையும் வண்டியையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். முத்துக்கனியும் ரப்பர் குழாயோடு நின்றாள்.



"நாளைக்கு வெல ஏறிருமாம்லா யக்கா" என்றாள் முத்துக்கனி, பாசமாக. "அதான் ஒங்க வீட்டையும் சேத்துக் கழுவி விட்டுட்டேன்."