டாக்டர்லத்தில் என்றொரு சொல்

அந்தப் பெண்மணி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "நான் திருடலைங்க" என்றார். வணக்கத்துக்கு முன்பே வந்துவிட்ட வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டவர்போல், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல உக்காருங்க. திருடலைன்னு சொல்றவங்களை நிக்க வெச்சுப் பேசற பழக்கம் இங்க இல்லை" என்றார் அண்ணி.

அண்ணி பல வருஷம் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் பேரில் அனுப்பினால் மூன்றாவது வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார் என்று அங்கே பேச்சு உண்டு. வேலையை விட்டபின் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு, எழுத்து சம்பந்தமான தகராறுகளை மட்டும் விசாரிக்கத் தொடங்கினார். அவருக்குத் துணை, கணவரின் தம்பி. வலைத்தளங்கள் கட்டிக்கொடுப்பது அவன் தொழில். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் "அதுக்கு ஒரு பிளகின் இருக்கு" என்பான். தளத்தில் கூடுதலாகப் பொருத்தும் அந்தச் சின்ன மென்பொருளின் பெயரே வீட்டில் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் பிள்ளைகளுக்குக்கூட அவன் பிளகின் சித்தப்பாதான்.

வந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் எப்படிப் பயிற்சி செய்ய வைப்பது என்று வலைப்பதிவு எழுதுகிறார். வாசகர்கள் அவரை அக்கா என்றே அழைப்பார்கள். பதிவுகளிலும் அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"மேஜை மேல துண்டை விரிச்சு, வராத கையை அதுல வெச்சு, மெதுவா முன்னாடி தள்ளிப் பழகறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கையைத் தூக்கறது. இதை எழுதினேன். அடுத்த வாரமே ஒரு எலும்பு டாக்டர் எங்க ஆஸ்பத்திரிக்குப் புகார் அனுப்பிட்டார். அது அவரோட பதிவாம், நான் காப்பி அடிச்சேனாம். போய்ப் பார்த்தா, வரிக்கு வரி என்னோடதுதான் அங்க இருக்கு. ஆனா தேதி மட்டும் எனக்கு நாலு மாசம் முந்தினதா போட்டிருக்கு."

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. என்கிட்ட பயிற்சி எடுத்துட்டிருந்தவங்க எல்லாம் பாதியில நிக்கிறாங்க. ஒருத்தர் இப்பதான் டம்ளரைப் பிடிக்க ஆரம்பிச்சார்."

பிளகினுக்குக் கை பரபரத்தது. "அண்ணி, இது ஹேக்கிங்! யாரோ டாக்டரோட சர்வருக்குள்ள புகுந்து தேதியை மாத்தியிருக்கான். எனக்கு ஒரு நாள் கொடுங்க."

"தளத்தோட சொந்தக்காரங்க தேதியை மாத்த முடியாதா?"

"முடியும். ரெண்டு சொடுக்கு போதும்."

"ரெண்டு சொடுக்குல ஆகற வேலைக்கு எவன்டா சுவரேறிக் குதிப்பான்?" என்றார் அண்ணி. "ரெண்டு பதிவையும் காகிதத்துல எடுத்துக் கொடு."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உதட்டை அசைத்தபடி அண்ணி படித்தார். பிளகினும் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். பிசியோவின் பதிவில், 'அக்கா சொல்வதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்' என்றிருந்த இடத்தில், டாக்டரின் பதிவு 'டாக்டர் சொல்வதைக் கேட்டு' என்றது. மற்றபடி அச்சு அசல். ஓரிடத்தில் மட்டும், 'டாக்டர்லத்தில் இவர்களைப் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள்' என்று ஏதோ உளறல்.

"தட்டச்சுப் பிழை. இதைக்கூடப் பார்க்காம போட்டிருக்கார்" என்று சிரித்தான் பிளகின். அண்ணி சிரிக்கவில்லை. அந்தச் சொல்லின் கீழ் நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"டாக்டரோட மத்த பதிவுகளுக்கு வாசகர்கள் கேள்வி போடறாங்களா?"

பிளகின் தேடிப் பார்த்தான். "எக்கச்சக்கமா. போட்ட அன்னிக்கே வரிசைகட்டி நிக்கிறாங்க. ஆனா இதுக்கு மட்டும் நாலு மாசமா ஒரு ஈ காக்கா இல்லை. முதல் கேள்வியே அக்கா பதிவு வந்ததுக்கு அடுத்த நாள்தான் வந்திருக்கு."

"ம்" என்றார் அண்ணி. பிறகு பிசியோவின் பக்கம் திரும்பினார். "உங்க பதிவுல கடைசியில தடிச்ச எழுத்துல ஒரு எச்சரிக்கை இருக்கு. தோள் மூட்டு இறங்கியிருந்தா கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாதுன்னு. அவர்கிட்ட அது இல்லையே?"

"அது முதல்ல என்கிட்டயும் இல்லை. மறுநாள்தான் சேர்த்தேன். அப்பாவுக்குத் தோள் இறங்கியிருக்கு, இதைச் செய்யலாமான்னு ஒரு பையன் கேட்டிருந்தான். படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. எவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுட்டோம்னு உடனே போட்டேன்."

அண்ணி காகிதங்களைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் மாறியதைப் பிளகின் பார்த்தான்.

"அப்போ, எச்சரிக்கை இல்லாத பதிவு ஒண்ணு இப்பவும் வெளியில உலாத்திட்டிருக்கு. டாக்டர் பேரோட. தம்பி, அந்த கிளினிக்குக்கு போன் போடு. முதல்ல அதை எடுக்கச் சொல்லணும்."

"எடுத்துட்டா ஆதாரம் போயிடுமே அண்ணி!"

"ஆதாரத்தை நீ நகல் எடுத்து வெச்சுக்கோ. யாரோட தோளோ போயிட்டா நகல் எடுக்க முடியாது."

போனை எடுத்தது டாக்டரின் தங்கை. கிளினிக்கின் கணக்கு, முன்பதிவு, வலைத்தளம் எல்லாம் அவள் பொறுப்பு. "அண்ணன் எழுதினதை அண்ணன் சொன்னாதான் எடுப்பேன்" என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

மதியம் கடைசி நோயாளி வெளியேறும் நேரத்தில் மூவரும் கிளினிக்கில் இருந்தார்கள். டாக்டரின் அறையில் மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. டாக்டர் அதைவிட விறைப்பாக நின்றார். தங்கை கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சமாதானம் பேச வந்திருந்தா, நேரத்தை வீணாக்காதீங்க" என்றார் டாக்டர். "எங்க தளத்துல காப்பியைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு. இந்தம்மா பதிவு என்னோடதோட அப்படியே ஒத்துப்போகுதுன்னு அதுவே சொல்லிடுச்சு. நான் யார் மேலயும் வாய்க்கு வந்தபடி பழி போடலை."

"நீங்க மனசாரத்தான் கோபப்படறீங்கன்னு எனக்குப் புரியுது" என்றார் அண்ணி. "ஒரே ஒரு உதவி. உங்க பதிவுல இந்தப் பத்தியைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கிறீங்களா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டாக்டர்... டாக்டர்லத்தில் இவர்களை..." நின்றார். "டைப்பிங் மிஸ்டேக்."

"என்ன எழுதப்போய் இப்படி ஆச்சு?"

டாக்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை விசைப்பலகையைப் பார்த்தாள்.

"கை தவறினா ஒரு எழுத்து மாறும், ரெண்டு எழுத்து மாறும். டாக்டர்னு ஒரு முழுச் சொல், பிழையே இல்லாம வந்து விழாது" என்றார் அண்ணி. பிசியோவின் பதிவை அதன் பக்கத்தில் வைத்தார். "இங்க அதே இடத்துல என்ன இருக்கு பாருங்க. 'அக்காலத்தில்'. அந்தக் காலத்துலங்கற அர்த்தம். அதுல முதல்ல ஒரு அக்கா உக்காந்திருக்கா இல்லையா? அவளை எழுப்பிட்டு அந்த இடத்துல டாக்டரை உக்கார வெச்சா என்ன வரும்?"

பிசியோ முணுமுணுத்துப் பார்த்தார். "டாக்டர்...லத்தில்." அவர் கை வாய்க்குப் போனது.

பிளகின் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இறக்குமதி பிளகின்! வேற தளத்துல புதுப் பதிவு வந்த உடனே தானா எடுத்துக்கும். கூடவே எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லைப் போடணும்னும் சொல்லி வைக்கலாம். அர்த்தம் அதுக்குத் தெரியாது. எங்க அக்கான்னு பார்த்தாலும் மாத்திடும், காலத்தோட ஒட்டியிருந்தாலும் விடாது!"

"டாக்டர் தானே எழுதின பதிவுல, மாத்தறதுக்கு அக்கா எங்கேயிருந்து வந்தா?" என்றார் அண்ணி. "அதுதான் கேள்வி. நாலு மாசம் முந்தின தேதி இருந்தும் யாருமே கேள்வி கேட்கலை. ஏன்னா அப்போ அந்தப் பதிவே இல்லை. எச்சரிக்கை சேர்க்கறதுக்கு முன்னாடி, இவங்க வெளியிட்ட அன்னிக்கே எடுக்கப்பட்டிருக்கு. அதனாலதான் எச்சரிக்கை உங்ககிட்ட வரலை. பழைய மாசங்கள் காலியா இருக்கக் கூடாதுன்னு யாரோ அதை அங்க கொண்டுபோய் நிரப்பியிருக்காங்க. அப்புறம் இன்னொரு பிளகின் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தேதி பிந்தினவங்களைத் திருடன்னு கத்தியிருக்கு. திருடினதும் கத்தினதும் ஒரே வீட்டுக்குள்ள."

டாக்டர் மெல்லத் திரும்பினார். "நான் சொன்ன குறிப்பை வெச்சு எழுதினேன்னு சொன்னியேம்மா?"

"நீ எங்கண்ணா குறிப்பு கொடுத்தே?" என்றாள் தங்கை. "வாரம் ரெண்டு பதிவு வேணும், பக்கத்துத் தெரு டாக்டர் போடறார்னு தினம் சொல்வே. கேட்டா நேரமில்லைம்பே. முன்பதிவு பார்க்கணும், கணக்குப் பார்க்கணும், நான் எதைன்னு எழுதறது? பிளகின் போட்டா அதுவே கொண்டுவந்துடும்னு சொன்னாங்க. நான் உக்காந்து யார் எழுத்தையும் காப்பி அடிக்கலை. அதுவாதான் எடுத்துச்சு. நீ புகார் எழுதினப்போ சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்தா சொல்ல வரலை."

அண்ணி அவள் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அதுவா எடுக்கலைம்மா. எந்த வீட்டுக்குள்ள போகணும்னு அதுக்கு ஒருத்தர் வழி காட்டணும். யாரை அழிச்சு யாரைப் போடணும்னு ஒருத்தர் சொல்லணும். அந்த ரெண்டையும் நீங்கதான் செஞ்சீங்க. எடுத்தது இங்கேயிருந்துன்னு ஒரு வரி, ஒரு சுட்டி, அது மட்டும் இருந்திருந்தா, படிக்கிறவங்க மூலப் பதிவுக்குப் போயிருப்பாங்க. எச்சரிக்கையைப் பார்த்திருப்பாங்க. பேர் போடறது மரியாதைக்கு மட்டும்னு நினைக்கிறோம். எழுதினவங்க தப்பைத் திருத்தினா, அந்தத் திருத்தம் நம்மகிட்ட வந்து சேர்ற பாதையும் அதுதான்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த விதம் பிளகினுக்குப் பயமாக இருந்தது.

"போன வாரம் ஒரு பெரியவர் வந்தார்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "தோள் வீங்கியிருந்தது. இறங்கின மூட்டை வெச்சுக்கிட்டு யார் உங்களைக் கையைத் தூக்கச் சொன்னதுன்னு சத்தம் போட்டேன். 'நீங்கதானே டாக்டர் எழுதியிருந்தீங்க'ன்னார். வயசானவர், ஏதோ குழம்பிப் பேசறார்னு நினைச்சு, மாத்திரை கொடுத்து அனுப்பிட்டேன். என் பேர்ல என்ன இருக்குன்னு நான் ஒரு தடவைகூடப் படிச்சுப் பார்க்கலை."

பிளகின் எத்தனையோ பேருக்கு அந்த மாதிரி வசதிகளை ஒரு மாலையில் பொருத்திக் கொடுத்து, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறான். அது எதை எடுத்துவரப் போகிறது என்று அவர்களிடம் கேட்டதில்லை. இன்று கேட்கத் தோன்றியது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியை இழுத்தாள். "எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அழிக்காதீங்க" என்றார் பிசியோ. அங்கே வந்தபின் அவர் உரக்கப் பேசியது அப்போதுதான். "அழிச்சா, ஏற்கெனவே படிச்சுட்டுப் போனவங்களுக்கு என்ன தெரியும்? பயிற்சி மட்டும் மனசுல இருக்கும். பதிவை எடுத்துட்டு, அதே பக்கத்துல எச்சரிக்கையைப் போடுங்க. தோள் இறங்கினவங்க உடனே நிறுத்தணும்னு பெரிசா போடுங்க. என் பேரெல்லாம் அதுக்குக் கீழ வந்தா போதும்."

அவர் சொல்லச்சொல்லத் தங்கை தட்டச்சு செய்தாள். ஒவ்வொரு வரியையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். டாக்டர் ஆஸ்பத்திரி நிர்வாகிக்குப் போன் செய்து, புகார் தவறு, திருட்டு தன் தளத்தில்தான் நடந்தது, எழுத்தில் இன்றே தருகிறேன் என்றார். வார்த்தைகளை மெல்லாமல் நேராகச் சொன்னார். அண்ணி அதைக் கேட்டுத் தலையசைத்தார்.

போனை வைத்துவிட்டு டாக்டர் நோயாளிகளின் எண்களில் தேடி இன்னொன்றை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, டாக்டர் பேசறேன். தோள் எப்படி இருக்கு?... நீங்க சொன்னது சரிதான் ஐயா. என் வலைப்பக்கத்துலதான் படிச்சிருக்கீங்க. அது நான் எழுதினது இல்லை. எழுதினவங்களுக்குத் தெரியாம எடுத்துப் போட்டது. முக்கியமானதை விட்டுட்டுப் போட்டது. எழுதினவங்க இங்கதான் இருக்காங்க. கொடுக்கட்டுமா?"

பிசியோ கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா" என்றார். "இப்போ கையை எவ்வளவு தூரம் தள்ள முடியுது?"