எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கெல்லாம் எண் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் கைப்பேசி, கைக்கடிகாரம், காதுப்பொறி எல்லாவற்றையும் வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கடல் ஏறி வந்த பிறகு பெரம்பலூர் மேட்டில் புதுப் பேரவை கட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு செவ்வாய்கூடத் தவறியதில்லை. மேசைமேல் பருப்பு வடையும் ஃபிளாஸ்க்கில் டீயும் இருக்கும். சரியாகப் பத்து மணிக்குச் சுவரில் கேள்வி தெரியும்.

அன்றைக்குத் தெரிந்தது இது: ‘அ’ நாளாக ஆக மீளும் வாய்ப்புக் குறைகிறது. வைத்திருக்க இடமும் மின்சாரமும் வேண்டும். அந்த இடத்துக்காக வேறு ‘அ’க்கள் காத்திருக்கின்றன. அதிகபட்சம் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

‘அ’ என்றால் என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்கவும் கூடாது. உறுப்பினர் எவராவது வாய்விட்டு அதன் சரியான பெயரைச் சொல்லிவிட்டால் கேள்வி அணைந்துபோகும். தவறான பெயர் ஒன்றைத்தான் அது பொறுத்துக்கொள்ளும், இரண்டாவதாக எந்தப் பெயர் வந்தாலும் அணைந்துவிடும். ஒரு வருடத்துக்குத் திரும்ப வராது. ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு சீட்டில் தங்கள் யூகத்தை எழுதி ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு மூடி வைப்பார்கள். வியாழக்கிழமை அரசிதழ் வந்ததும் திறந்து பார்ப்பார்கள். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த வார வடை முழுவதும். சட்டம் செய்கிறவர்களுக்கு இந்த விளையாட்டுகூட இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

அறந்தாங்கி உறுப்பினர் அங்கயற்கண்ணிக்கு அன்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அரசியலுக்கு வருமுன் கோட்டைப்பட்டினத்தில் இருபது வருடம் ஐஸ் பிளாண்ட் நடத்தியவள். இடம், மின்சாரம், வரிசையில் நிற்கும் அடுத்த சரக்கு என்றதும் அவள் மூக்கில் இறால் வாடையே அடித்துவிட்டது. சீட்டில் ‘குளிரறை மீன்’ என்று எழுதி டப்பாவில் போட்டாள்.

“எதுவா வேணா இருக்கட்டுங்கய்யா,” என்றாள் தலைவர் ஞானப்பிரகாசத்திடம். “நான் அனுபவத்துல சொல்றேன். நாப்பது நாள் தாண்டினா எதுவும் தேறாது. பாவம் பாத்து வச்சிக்கிட்டிருந்தா பின்னால வர்றதும் சேர்ந்து வீணாப்போகும்.”

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் அதிராம்பட்டினம் மீரான், வடையைப் பிட்டுக்கொண்டே. “நான் தொண்ணூறு போடலாம்னு பாத்தேன்.”

“தொண்ணூறா? நாறிப்போயிரும் மீரான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நாற்பதுக்கு ஐந்து கைகளும் உயர்ந்தன.

பழைய பேரவையில் அப்படி இல்லை. ஒரு சட்டத்துக்கு ஒரு குழு என்று இருந்தது. யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று ஊருக்கே தெரியும், பிடித்தார்கள், நடந்தது. நாடே நாறிய பிறகுதான் பகுப்பான் வந்தது. ஒவ்வொரு சட்டத்தையும் அந்தப் பொறி கூறு போட்டு, பெயர்களை மறைத்து, குழுக்களுக்கு அனுப்பும். செய்யவேண்டியது யார் என்று ஒரு குழு தீர்மானிக்கும். மீறினால் என்ன தண்டனை என்று இன்னொன்று. யாருக்கு விலக்கு என்று வேறொன்று. எண்கள் எல்லாம் எண் குழுவுக்கு. பதில்களைத் தொகுப்பான் ஒட்டவைத்து வியாழன் பதினொரு மணிக்கு அரசிதழில் வெளியிடும். முழுச் சட்டத்தையும் உறுப்பினர்கள் பார்ப்பது ஊரோடு சேர்ந்து அப்போதுதான். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாத ஆளை எவன் விலைக்கு வாங்குவான்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லஞ்சப் புகார் இல்லை. ஜனங்களுக்கு அதில் பெருமைதான், அங்கயற்கண்ணிக்கும் அப்படித்தான்.

அந்த வியாழக்கிழமை அரசிதழில் பதினான்கு சட்டங்கள். ஒன்பதாவது, குளிர்த்துயில் படுக்கைகள் ஒழுங்குச் சட்டம். அதன் நாலாம் பிரிவை அவள் மூன்று தடவை படித்தாள். ‘வெப்பத்தாக்கில் நினைவிழந்து குளிர்த்துயிலில் வைக்கப்பட்டவர் நாற்பது நாளுக்குள் விழிக்காவிட்டால் படுக்கை அடுத்தவருக்கு விடுவிக்கப்படும்.’

அவள் தம்பி இளவழுதி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு படுக்கையில்தான் கிடந்தான். சித்திரை வெயிலில் வேலைக்காக மின்கம்பத்தில் ஏறியவன் அங்கேயே சரிந்துவிட்டான், உடம்பைக் குளிரவைத்து உறங்க வைத்திருந்தார்கள். முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. முக்கால்வாசிப் பேர் நாலாவது, ஐந்தாவது மாதத்தில்தான் விழிப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கையை விடுவிப்பது என்றால் குழாயைக் கழற்றுவது. கழற்றினால் உயிர் இரண்டு மணி நேரம்தான்.

கைப்பேசி அடித்தது. தம்பி மனைவி சொர்ணம்.

“அக்கா, பாத்தீங்களா? நாப்பது நாளாம்க்கா. எந்தப் படுபாவிக்கா இந்த நாப்பதப் போட்டது? அவன் வீட்டுல யாரும் படுக்கலையா?”

“நான் பாத்துக்கறேம்மா,” என்று மட்டும் சொன்னாள் அங்கயற்கண்ணி. குழு அறைக்குப் போனாள். டப்பா திறந்து கிடந்தது. ஐந்து சீட்டுகளையும் யாரோ சுக்குநூறாகக் கிழித்திருந்தார்கள்.

நேரே பேரவைச் செயலர் வேதவல்லியிடம் போனாள். கண்ணியமான பெண்மணி, குரலை உயர்த்திப் பேசியே யாரும் கேட்டதில்லை.

“இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யாரு?”

“யாரும் கொண்டுவரல மேடம்.”

“யாராவது ஆரம்பிச்சிருக்கணுமே.”

“மனுக்கள் வருது. ஆஸ்பத்திரிக் குறிப்பு வருது. ஒரே மாதிரி நிறைய சேர்ந்தா பகுப்பானே கேள்வியா பிரிச்சுக்கும். கேள்வி குழுவுக்குப் போகுது, பதில் வருது.” வேதவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள். “அதுக்கு முன்னாடி யாரு இருக்கான்னு நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல தேடிப் பாத்தேன். அந்த இடத்துல ஆளே இல்ல மேடம்.”

அங்கயற்கண்ணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எட்டுக் குழு, நாற்பது உறுப்பினர், அத்தனை பேரும் நல்லவர்கள். தம்பியைக் கொல்லச் சொன்ன ஆள் ஒருவன்கூட இந்தக் கட்டடத்தில் இல்லை.

“மாத்த வழி?”

“மறுமுறையீடு போடலாம். உங்க மேசைக்கேதான் வரும். ஆனா புது மறைபெயர்ல வரும். எதுன்னு உங்களுக்குத் தெரியாது.”

அன்றே சொர்ணம் பெயரில் முறையீடு போயிற்று.

அடுத்த செவ்வாய், முப்பத்தாறாவது நாள். வடைத் தட்டை யாரும் தொடவில்லை. டிபன் டப்பாவையும் காணோம். போன தடவை ஏதோ கசிந்தது என்று பகுப்பானுக்குப் பட்டிருக்கவேண்டும். கேள்விகள் எலும்பாகத் தேய்ந்து வந்தன. ‘இ’யை அதிகபட்சம் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? ‘ஐ’யை எத்தனை நாள்? ‘ஓ’வை எத்தனை நாள்?

மூன்றில் ஒன்று இளவழுதி. எது என்று சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. காரணம் சொல்ல வாய் திறந்தால் கேள்வி அணைந்துவிடும். தம்பிக்கு மிச்சம் இருப்பது நாலு நாள்.

“நானூறு,” என்றாள். “மூணுக்குமே.”

ஞானப்பிரகாசம் அவளையே பார்த்தார். “மூணுக்குமா அங்கயற்கண்ணிம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல.”

“யோசிச்சுட்டேன்யா.”

மீரான் முதலில் கை தூக்கினார். அவள் தம்பி படுத்திருப்பது அவருக்குத் தெரியும், எல்லோருக்குமே தெரியும். போன வாரத்து நாற்பது ஐந்து பேர் நெஞ்சிலும் உட்கார்ந்திருந்தது. நானூறு நிறைவேறியது, மூன்றுக்கும்.

வியாழன் பதினொரு மணிக்கு அரசிதழ் வந்தது. குளிர்த்துயிலில் இருப்பவர், நானூறு நாள். துறைமுகத்தில் உரிமை கோரப்படாத படகு, நானூறு நாள். குற்றச்சாட்டு இல்லாமல் விசாரணைக்காகப் பிடித்து வைக்கப்பட்டவர், நானூறு நாள். அதற்கு முன் அது பதினைந்து நாளாக இருந்தது.

சொர்ணம் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். “யாரோ மகராசன்க்கா! நல்லா இருக்கணும் அவன் குடும்பம்!” அங்கயற்கண்ணியும் சிரித்தாள். சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய். தம்பி பிழைத்தான் என்ற நினைப்பில் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். மூன்றாவது சட்டத்தைப் பற்றிச் சாயங்காலம் வரைக்கும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை மனு ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். உறுப்பினர் அடையாளத்தைப் பார்த்ததும் ஓடிவந்தாள். பேச்சியம்மாள், திருச்செந்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை. மகன் துறைமுக வேலைநிறுத்தத்தில் நின்றான் என்று பிடித்துப்போயிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் மூன்று நாளில் விட்டிருக்கவேண்டும்.

“இப்ப நானூறுங்காவ. ஒரு குத்தமும் எழுதல, கோர்ட்டுக்கும் கொண்டுபோவல. எதுக்கும்மா நானூறு? அவனுக்கு இழுப்பு உண்டு, ராத்திரி மருந்து குடுக்கணும். அங்க யாரு குடுப்பா?”

படிவத்தை அங்கயற்கண்ணி வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினாள். மகன் பெயர் சுயம்பு, வயது இருபத்து நாலு. ‘நானூறு நாள் மிகுதி, குறைக்கவேண்டும்.’ பேச்சியம்மாள் விரல் ரேகை வைத்தாள். அவள் காலில் விழப்போனபோது அங்கயற்கண்ணி பதறி விலகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சுவரில் ஒரே ஒரு கேள்விதான் தெரிந்தது. ‘எ’யை வைத்திருக்க உள்ள நானூறு நாள் மிகுதி என முறையீடு. பதினைந்தாகக் குறைக்கலாமா?

பதினைந்து. பழைய பதினைந்தேதான். அங்கயற்கண்ணியின் கை தானாக மேசையை விட்டு எழுந்தது. பாதியில் நின்றது.

பகுப்பான் அவ்வளவு வெள்ளையாகக் கேட்குமா? போன வாரம்தான் கசிவுக்குப் பயந்து கேள்வியையே எலும்பாக்கியது. படுக்கைக்காக எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன. அவர்களும் முறையீடு போட்டிருப்பார்கள். நானூறு மிகுதி என்று அவர்களும்தான் எழுதுவார்கள். பதினைந்து போதும் என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தால்? இளவழுதிக்கு இன்று நாற்பத்து மூன்றாவது நாள். பதினைந்து என்று வந்தால் வியாழக்கிழமை மத்தியானமே குழாயைக் கழற்றுவார்கள்.

“படகாவும் இருக்கலாம்,” என்று முணுமுணுத்துவிட்டு மீரான் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். கேள்வி அணையவில்லை. அப்படியானால் அது படகு இல்லை.

மீதி இரண்டு. இனி இன்னொரு பெயர் யார் வாயில் வந்தாலும், சரியோ தவறோ, கேள்வி அணைந்துவிடும்.

“குறைக்கலாம்கிறவங்க?” என்றார் ஞானப்பிரகாசம். தன் கையையே முதலில் உயர்த்தினார். கடைசியில் உட்கார்ந்திருந்தவரும் உயர்த்தினார். மீரானும் பக்கத்தில் இருந்தவரும் அங்கயற்கண்ணியைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

“ரெண்டுக்கு ரெண்டு,” என்றார் தலைவர். “நீங்க சொல்லுங்கம்மா.”

பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய எழுத்து கண்முன் நின்றது. அது பேச்சியம்மாளின் கேள்வியாக இருக்கத்தான் பத்தில் எட்டுப் பங்கு வாய்ப்பு. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மீதி இரண்டு பங்கில் தம்பி படுத்திருந்தான். பிறந்த மூன்றாம் நாள் முதல் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

“குறைக்க வேண்டாம்,” என்றாள்.

சுவர் வெளுத்தது. நிராகரிக்கப்பட்ட கேள்விக்கு அரசிதழில் இடம் கிடையாது. ‘எ’ யார் என்று அவளுக்கோ வேறு எவருக்கோ இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஞானப்பிரகாசம் மட்டும் வெளியே போகும்போது நின்று, “உங்க இடத்துல இருந்தா நானும் அதான் செஞ்சிருப்பேன்,” என்றார். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதலாக இல்லை, அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பேச்சியம்மாள் பேரவை வாசலில் நின்றாள். யாரையோ விட்டு அரசிதழை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

“ஒண்ணும் வரலியேம்மா. எம் மனு உள்ள போச்சா? நீங்க பாத்தீயளா?”

“தெரியலம்மா,” என்றாள் அங்கயற்கண்ணி. அவள் சொன்னது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்ல அவள் நாக்கு கூசியது.

அப்போது கைப்பேசி அடித்தது. சொர்ணத்தின் கூச்சல் வெளியே வரைக்கும் கேட்டது. “அக்கா! கண்ணத் தொறந்துட்டாருக்கா! ‘அக்கா எங்க’ன்னு உங்களத்தான் மொதல்ல கேட்டாரு!”

அங்கயற்கண்ணி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இரண்டு நாள் முன்பே விழித்திருக்கக் கூடாதா என்று தம்பியின்மேல் ஒரு கணம் கோபம்கூட வந்தது.

பேச்சியம்மாள் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

“அழாதீயம்மா. எம் பையனுக்காவ நீங்க இப்படி அழுவணுமா?” என்றாள். “அடுத்த வியாழன் வந்துரும். நீங்க உள்ள இருக்கியள்லா, எனக்கென்ன பயம்.”