ஹென்றி எங்கே பார்த்தார்?

"அந்த ஃபோட்டோவைக் கொடுங்க சார். கையில வெச்சுப் பார்க்கணும்."

ராயபுரத்துக் கப்பல் சரக்கு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்றே ஆலிஸிடம் தலைமை குமாஸ்தா சொல்லியிருந்தார்: முதலாளியிடம் எதையும் கேட்காதே, கொடுத்ததை அடி. மூன்று வருஷம் அடித்தாள். இன்று கேட்டுவிட்டாள்.

முதலாளி வெள்ளத்துரை தன் மச்சினன், ஃபோர்மேன் ஜெயவேலைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாவே, பி.ஏ. படிச்சது துப்பு துலக்குது!"

வெள்ளிக்கிழமை, கப்பல் தளத்தில் கேப்டனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டிய ஹென்றி சரக்கை இறக்கிவிட்டார். கீழே கிடங்கில் நின்ற தொழிலாளி அம்புரோஸின் கால் நசுங்கியது. ஹென்றி விழாவை வேடிக்கை பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி, அந்த நொடியில் எடுத்த ஃபோட்டோ. அதில் ஹென்றியின் முகம் வலப்பக்கம், விழா நடந்த திசையில், திரும்பியிருந்தது. ஆலிஸ் அடிக்கப்போகும் நாலு வரி விபத்து அறிக்கையில் அவருடைய இருபத்தெட்டு வருஷ வேலை முடிந்துவிடும்.

"ஹென்றி மாமா! மாலையையா பாத்தே?" என்று கேட்டாள் ஆலிஸ்.

அவளுக்கு எதிரே பெஞ்சில் இருந்த ஹென்றி முகத்தை வலப்பக்க ஜன்னலுக்குத் திருப்பினார். "இன்னா கண்ணு? நான் சரக்குக் கொக்கியத்தான் பாத்துகினு இருந்தேன். மாலைய நான் பாத்ததில்லயா?"

ஸ்டெனோ தங்கபுஷ்பம் எழுந்து ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "அங்க யாரும் இல்லையே அக்கா!"

"யாராவது இருக்காங்கன்னு நான் சொன்னேனா? அவர் என்னைத்தான் பார்த்தார். நீ அவர் மூக்கைப் பார்த்து ஏமாந்தே. உட்காரு."

ஆலிஸ் ஒரு கார்பன் தாளின் நடுவில் நீளமாக ஓட்டை கிழித்து, ஃபோட்டோவில் ஹென்றியின் முகத்தை மூடினாள். கண்கள் மட்டும் தெரிந்தன. பூதக்கண்ணாடியைப் புஷ்பத்திடம் நீட்டினாள். "இப்போ சொல்லு."

"ஐயோ! கறுப்பு முழி ரெண்டும் மறுகோடியிலல்லா நிக்கி! கொக்கியத்தான் பாக்காரு!"

"கண்ணு, முழின்னு கதையளக்காத" என்றார் வெள்ளத்துரை.

"கதையில்லை சார். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ கண்ணும் அந்தப் பக்கம்தான்னு மூளை அவசரப்பட்டு முடிவு கட்டும். விழி எந்த ஓரத்துல நிக்குதுன்னு அப்புறம்தான் யோசிக்கும். உங்க ரெண்டு பேருக்கும் அந்த அப்புறம் வரவே இல்லை."

"அப்பம் முகத்த ஏன் திருப்பினான்?"

"வின்ச்சுச் சத்தத்துல இவருக்கு வலது காது போச்சு. வலப்பக்கத்துலேருந்து யாராவது கத்தினா, முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாத்தான் கேக்கும். இப்போ என்கிட்ட அப்படித்தான் பேசினார். இவருக்கு உத்தரவு கொடுக்கறது ஃபோர்மேன் ஒருத்தர்தான். ஆனா கப்பல் கிடங்கு வாய்கிட்ட நின்னு கைசாடை காட்ட வேண்டிய ஃபோர்மேனுக்கு விழாப் பக்கத்துலேருந்து கத்த என்ன வேலை?"

"நான் அங்க இல்லவே இல்ல!" என்றான் ஜெயவேல்.

"ஃபோட்டோவோட விழாப் பக்க ஓரம் கோணலா வெட்டியிருக்கு. ஸ்டுடியோக்காரர் இப்படி வெட்டினா கடையை மூடணும். மிச்சத் துண்டு எங்கே?"

ஜெயவேலின் முகம் அசையவில்லை. கண்கள் மட்டும் மடியிலிருந்த டைரிக்கு இறங்கி ஏறின. புஷ்பம் இந்தத் தடவை ஏமாறவில்லை. பாய்ந்து டைரியைப் பிடுங்கி உதறினாள். துண்டு விழுந்தது. கேப்டன் பக்கத்தில் மாலைத் தட்டோடு ஜெயவேல், வின்ச்சுப் பக்கம் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். கேப்டனோடு நிற்கும் படமாயிற்றே. அவனுக்கு எரிக்க மனசு வரவில்லை. இவ்வளவுதான் இவர்களுடைய சாமர்த்தியம்.

"'எறக்கு'ன்னு அவன்தாம்மா கத்துனான். நான் சொன்னா யாரு கேக்கறா?" என்றார் ஹென்றி.

வெள்ளத்துரை குரலைத் தாழ்த்தினார். "சரி, ஹென்றி வேலையில இருக்கட்டும். காரணம் தெரியலன்னு அடிச்சிரு. உன்னை ஹெட் டைப்பிஸ்ட்டா போடுதேன்."

"காரணம் தெரியாமயா அம்புரோஸ் கால் போச்சு? நஷ்டஈட்டுக்கு அவர் எவன் வாசல்ல நிக்கணும்?"

கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். காலையிலேயே அடித்து வைத்தவை. ஒன்று தொழிலாளர் அதிகாரிக்குப் புகார். அதில் ஒரு பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். பேனாவால் ஜெயவேல் என்று எழுதி மடித்துக்கொண்டாள். மற்றது ராஜினாமா. அதை மேஜையில் வைத்தாள்.

"ஃபோட்டோவ வச்சுட்டுப் போ!"

"வெச்சுக்கோங்க. நெகட்டிவ் ஸ்டுடியோவுல இருக்கு. போற வழிதான்."

வெளியே குமாஸ்தாக்களின் தலைகள் எல்லாம் ஃபைல்களுக்குள் கவிழ்ந்திருந்தன. கண்கள் எங்கே இருந்தன என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கியது.