நூறு பேருக்கு அரை ஆள்

"நூறு பேருக்கு அரை ஆள்!" என்று கத்தினாள் வாஷர். "அரை ஆள் எப்படிம்மா போனை அமுக்குவாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவர்.

அம்மா ஒரு பிளம்பர். வாஷர் என்பது குழாய்க்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். ஆள் சிறிசு, ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. அதனால்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அம்மா அந்தப் பட்டப்பெயரை வைத்தார். அவளுடைய பிடிவாதத்தைப் பார்த்தவர்கள், பெயர் சரிதான் என்று தலையாட்டுவார்கள்.

முன்பெல்லாம் தெருமுனைக் குழாய்ச் சாமான் கடைக்காரர்தான் அம்மாவிடம் ஆட்களை அனுப்புவார். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அம்மாவின் போன் வாயைத் திறக்கவே இல்லை. அதனால் போன வாரம் இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டார்.

அதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அமுக்கி உள்ளே வந்தவர்கள் ஐந்து பேர். பார்த்த நூறு பேரில் எத்தனை பேர் அமுக்கினார்கள் என்பதற்கு க்ளிக் விகிதம் என்று பெயராம். வாஷர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நூறு பேருக்கு அரை ஆள்தான் வந்தது.

"தூரத்து ஊர் கம்பெனியில வேலைக்குக் கூப்பிடறாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றார் அம்மா.

"போனா எப்ப வருவே?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை."

வாஷருக்கு அழுகை முட்டியது. அழுதால் பேச முடியாது. பேசியே ஆக வேண்டும். எனவே அழுகையை விழுங்கிவிட்டு, "இன்னிக்குத் திங்கள்தான். நாள் இருக்கு. விளம்பரத்தை மாத்துவோம்" என்றாள்.

பள்ளி வேன் ஓட்டும் அப்பாவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்கு யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது.

"பூனைக்குட்டி படம் போடுவோம். வாளிக்குள்ள பூனைக்குட்டி! யாரு அமுக்காம போவாங்க?"

போட்டார்கள். புதன்கிழமை பார்த்தால், ஆயிரம் பேரில் நூற்றிருபது பேர் அமுக்கியிருந்தார்கள். நூறு பேருக்குப் பன்னிரண்டு ஆள்! அப்பா சமையலறையிலேயே ஓர் ஆட்டம் போட்டார்.

போனும் அடித்தது. மூவரும் பாய்ந்தார்கள்.

"அந்தப் பூனைக்குட்டி என்ன விலைங்க?" என்றது ஒரு குரல்.

அப்பா ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

"நூத்திருபது பேரும் பூனையைப் பார்க்க வந்தவங்க. அவங்க வீட்டுக் குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கும். எத்தனை பேர் அமுக்கறாங்கன்னு மட்டும் பார்த்தா பத்தாது போலிருக்கே. யார் அமுக்கறாங்கன்னும் பார்க்கணும்" என்றாள் வாஷர்.

அம்மா பழைய விளம்பரத்தையே திரும்பப் போட்டுவிட்டு, துணிப்பையை எடுத்துத் தூசி தட்டினார். ஊருக்குப் போகும்போது மட்டும் எடுக்கும் பை அது.

வியாழக்கிழமை, கிழிந்த பள்ளிப் பையைத் தைக்கக் கீழ்வீட்டுத் தையல்கார அத்தையிடம் போனாள். அத்தை தையல் மெஷினை மிதிக்க, வீட்டுக்குள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"அது என்ன அத்தை?"

"குழாய்தான். பத்து நாளா சொட்டுது. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை."

வாஷர் அத்தையையே பார்த்தாள். "மேல எங்கம்மா இருக்காங்களே!"

"உங்கம்மா பெரிய பெரிய கட்டடத்துலதானே வேலை பார்க்கறாங்க? விளம்பரம்கூட என் போன்ல வந்துச்சே. கேஸ்கெட், பி-டிராப், ஸ்டாப்காக் மாற்றித் தரப்படும்னு. எங்க வீட்டுல அதெல்லாம் ஏது? இது சாதாரணக் குழாய். அதான் தள்ளி விட்டுட்டேன்."

வாஷர் பையைக்கூட வாங்காமல் மாடிக்கு ஓடினாள்.

"அம்மா! உனக்குப் போன் பண்றவங்க முதல்ல என்ன சொல்லுவாங்க?"

"சொட்டுதும்பாங்க. தண்ணி இறங்க மாட்டேங்குதும்பாங்க. ஒருத்தர், 'குழாய் இருமுதும்மா'ன்னாரு."

"யாராவது கேஸ்கெட் போயிடுச்சுன்னு சொல்லியிருக்காங்களா?"

அம்மா யோசித்தார். "இல்லையே."

"அப்போ அவங்க சொல்றதையே எழுதுவோம்."

"அப்படி எழுதினா, தொழில் தெரியாதவள்னு நினைச்சுட மாட்டாங்களா?" அம்மாவின் குரலில் ரோஷம் இருந்தது. ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் கஷ்டப்பட்டுக் கற்றவர் அவர்.

"தொழில் உனக்குத் தெரிஞ்சா போதும்மா. அவங்களுக்குச் சொட்டுதுன்னு மட்டும்தானே தெரியும்?"

அம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு போனை மகளிடம் நீட்டினார். வாஷர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

'குழாய் சொட்டுதா? டொக்... டொக்... கேக்குதா? சிங்க்ல தண்ணி இறங்கலையா? சின்ன வேலைன்னாலும் கூப்பிடுங்க. பக்கத்துலதான் இருக்கேன். பிளம்பர் அம்மா.'

'குழாய் இருமுதா?' என்பதையும் சேர்க்கச் சொன்னது அப்பா. அதைச் சேர்த்தார்கள்.

பிறகு அம்மா நேரே கீழே போய், அத்தையின் குழாயைக் கழற்றினார். கால் மணி நேரத்தில் டொக் டொக் அடங்கியது. தேய்ந்துபோன ஒரு கறுப்பு வளையத்தை அத்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் அக்கா கேஸ்கெட். வாஷர்னும் சொல்லுவாங்க."

"அட, இதுவா? இவ்வளவு நாள் என் வீட்டுலயேதான் இருந்துச்சா!" என்றார் அத்தை.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் வாஷர் போனைத்தான் பார்த்தாள். ஆயிரம் பேரில் நாற்பது பேர் அமுக்கியிருந்தார்கள்.

"நூறு பேருக்கு நாலு ஆள். பூனைக்குட்டிதான் ஜெயிச்சுது" என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

"போன் எத்தனை தடவை அடிச்சுது?" என்று கேட்டாள் வாஷர்.

அம்மா ஒரு தாளை நீட்டினார். அதில் பதினோரு முகவரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சொட்டுது, இறங்கலை, சொட்டுது என்று எழுதியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும், இருமுது. அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வாஷர் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க, என்னால வர முடியாது. இங்க நிறைய வீட்டுல சொட்டுது" என்றார் அம்மா.

அன்று மாலை ஆறு மணிக்கெல்லாம், முழங்கை வரை நனைந்த சட்டையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். வாஷர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவளும் நனைந்துபோனாள்.